மலையக நூல்நிலையங்களில் இல்லாத கதைகள்

இப்பக்கத்தில் நாம் வழக்கமாக எழுதுவன கூலியைப் பற்றியும், காணியைப் பற்றியும், பிரசாவுரிமையைப் பற்றியுமே. இவ்வாரம் கதைப் புத்தகங்களைப் பற்றி எழுத முற்படுகின்றோம். அதிலும், ஆணை விரும்பும் ஆணையும் பெண்ணை விரும்பும் பெண்ணையும் பொருளாகக் கொண்ட கதைகளைப் பற்றி எழுதுகின்றோம். வாசகர்களிற் சிலர் முகஞ் சுளிப்பர் என்பதை அறிவோம். “2021இல் உரத்தைத் தடைசெய்து நம் கிழங்குப் பாத்திகளைப் பாழாக்கினார்கள், ஆயிரம் ரூபாய் நாட்கூலிக்காக ஆண்டுக்கணக்கிற் போராடினோம், ஏழு பேர்ச் காணிக்கு இன்றும் உறுதி கேட்டு அலைகின்றோம். இவர்களுக்கு இதுவா அவசரம்?” என்று கந்தப்பளை விவசாயி ஒருவரோ தலவாக்கலை ஆசிரியர் ஒருவரோ கேட்கலாம். கேள்வி நியாயமானதே. விடையை முழுவதும் கேட்டபின் தீர்ப்புக் கூறுமாறு வேண்டுகின்றோம்.

சில காலத்திற்கு முன், அட்டனில் விடாமழை பெய்த ஒரு மாலையில், ஓர் இளைஞர் எமது அலுவலகப் படியேறி வந்தார். அவருடைய தோட்டத்தின் பெயரையோ தொழிலையோ இங்குக் கூறோம். அவர் இன்னோர் ஆடவருக்கு அனுப்பிய அன்புச் செய்திகள் வேறொருவன் கையில் அகப்பட்டுவிட்டன. அவன் பணம் கேட்டு மிரட்டினான். கொடாவிட்டால் தகப்பனாரிடமும் பொலிசாரிடமும் காட்டுவேன் என்றான். இரண்டு மாதச் சம்பளம் ஏற்கெனவே பறிபோயிருந்தது. பயமுறுத்திப் பணம் பறிப்பது இந்நாட்டுச் சட்டப்படி குற்றம் என்பதை அவருக்கு எடுத்துரைத்தோம். செய்யவேண்டியதைச் செய்தோம், மிரட்டல் நின்றது. ஆனால் அன்று மாலை புறப்படும்போது வாசற்படியில் நின்று அவர் கேட்ட கேள்விக்கு எமது சட்டப் புத்தகங்களில் விடை இருக்கவில்லை.

“சார், என்னைய மாதிரி ஆளுங்க நம்ம பக்கத்துல வேற யாராச்சும் இருக்காங்களா?”

இருக்கிறார்கள் என்றோம். அவர் நம்பினாரோ என்னவோ, தலையை மட்டும் அசைத்தார். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், பெற்றோரும் உடன்பிறந்தோரும் ஒரே கூரையின் கீழ்ப் படுத்துறங்கும் லயத்தில், மனத்திலிருப்பதை எவரிடமும் சொல்ல இயலாது இருபது ஆண்டுகள் வளர்ந்தவர் அவர். தம்மைப் போன்ற ஒருவரை அவர் சினிமாவிற் கண்டதுண்டு. கோமாளியாக மட்டுமே கண்டிருந்தார். வேறு எங்கும் கண்டதில்லை. எமது அலுமாரியில் ஷியாம் செல்வதுரை எழுதிய ‘ஃபன்னி பாய்’ என்னும் ஆங்கில நாவல் இருந்தது. அதனை எடுத்துக் கொடுத்தோம். இக்கட்டுரை அதன் தொடர்ச்சியேயாம்.

முதலில் சட்டநிலையைச் சுருக்கமாகக் கூறிவிடுகின்றோம். பெரும்பாலார் இதனைப் பிழையாக அறிந்துள்ளனர். பிரித்தானியர் 1883இல் இயற்றிய தண்டனைச் சட்டக் கோவையின் 365ஆம் பிரிவும் 365அ பிரிவுமே இவர்களைக் குற்றவாளிகளாக்குவன. 1995இல் நமது பாராளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்தியபோது, “ஆண்” என்றிருந்த இடத்தில் “ஆள்” என்று பொருள்படும் சொல்லை இட்டு, பெண்களையும் அதனுள் அடக்கிவிட்டது. பிரித்தானியர் விட்டுவைத்திருந்தோரையும் நாம் பிடித்து உள்ளே தள்ளினோம்! 2016இல் உயர் நீதிமன்றம், முதிர்ந்தோர் இருவர் மனமொத்துத் தனிமையிற் செய்வதை அரசு காவல் செய்யலாகாது என்பதே இக்காலச் சிந்தனை என்று குறிப்பிட்டது. எனினும் சட்டம் சட்டமாகவே இருப்பதால் குற்றத்தீர்ப்பை நீக்காது, சிறைத்தண்டனையை மட்டும் ஒத்திவைத்தது. 2022இல், பெண்களுக்கெதிரான பாரபட்சத்தை ஒழிக்கும் ஐக்கிய நாடுகள் குழு, பெண்களைக் குற்றவாளிகளாக்கும் இப்பிரிவு உடன்படிக்கைக்கு முரணானது என்று இலங்கைக்குக் கூறிற்று. 2023 மே மாதத்தில், இப்பிரிவுகளைத் திருத்தும் தனிநபர் மசோதா அரசியலமைப்புக்கு முரணானதன்று என உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அம்மசோதா சட்டமாகாமலேயே 2024இல் பாராளுமன்றம் கலைந்தது. இந்தியாவிலோ, இதே பிரித்தானியச் சட்டத்தின் உடன்பிறப்பான 377ஆம் பிரிவை, மனமொத்த முதிர்ந்தோரைப் பொறுத்தவரையில், 2018 செப்டெம்பர் 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது.

இச்சட்டம் தண்டிப்பது செயலை. இத்தகைய காதலைப் பொருளாகக் கொண்ட நாவலைப் படிப்பதை அது தொடுவதில்லை. நூல்நிலையத்தில் வைப்பதையும் தொடுவதில்லை. ‘ஃபன்னி பாய்’ கொழும்புப் புத்தகக் கடைகளில் ஒளிவுமறைவின்றி விற்கப்படுவது. ஆகவே, வாசிகசாலைக் குழுவினர் எவரும் சட்டத்தைக் காட்டி ஒதுங்கத் தேவையில்லை.

இனி நூல்களுக்கு வருவோம்.

‘ஃபன்னி பாய்’ 1994இல் வெளிவந்தது. ஆசிரியர் 1965இற் கொழும்பில், தமிழ்த் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் பிறந்தவர். 1983 கலவரத்தின் பின் குடும்பத்தோடு கனடா சென்றவர். ஆர்ஜி என்னும் தமிழ்ச் சிறுவன் ஆறு கதைகளில் வளர்கின்றான். முதற் கதையில், பாட்டன் வீட்டில் பேரப்பிள்ளைகள் கூடி மணப்பெண் விளையாட்டு விளையாடுகின்றனர். சேலை உடுத்து மணப்பெண்ணாக அமர்வதில் ஆர்ஜிக்கு அளவற்ற ஆனந்தம். பெரியோர் கண்டதும் வீடே நிலைகுலைகின்றது. ஏன் என்பது குழந்தைக்கு விளங்கவில்லை. காமன் கூத்தில் ரதியாக ஓர் ஆண் சேலையுடுத்தி வரும்போது கைகூப்பி நிற்கும் நாம், அக்காட்சியைப் படித்துச் சற்றுச் சிந்திக்கவேண்டும். இறுதிக் கதைகளில் ஆர்ஜி, ஷெஹான் என்னும் சிங்கள மாணவனை நேசிக்கின்றான். அப்பால் வருவது 1983 ஜூலை. வீடு எரிகின்றது. இனவெறியும் மறைக்கப்பட்ட நேசமும் ஒரே பிள்ளையின் வாழ்விற் கலந்து நிற்பதை இத்துணைத் தெளிவாகக் காட்டிய இலங்கை நாவல் வேறொன்றை நாம் படித்ததில்லை.

இந்நாவலில் நம் மக்களோடு தொடர்புடைய ஓரிடமும் உண்டு. ஜெகன் என்னும் இளைஞன் ஆர்ஜியின் வீட்டுக்கு வருகின்றான். அவன் காந்தீயம் இயக்கத்தோடு தொடர்புடையவன். 1977 கலவரத்தில் அடிபட்டு, மலையை விட்டு வவுனியா சென்ற நம் மக்களைக் காணிகளிற் குடியேற்றிய அதே காந்தீயந்தான். அவ்வியக்கத்தை நடத்திய மருத்துவர் இராஜசுந்தரம் 1983 ஜூலை 27இல் வெலிக்கடைச் சிறைக்குள் கொல்லப்பட்டதை நம்மிற் பலர் மறந்திலர். சிறுவன் ஆர்ஜியின் உள்ளம் முதன்முதலில் இனந்தெரியாது ஈர்க்கப்படுவது இந்த ஜெகனிடத்தில். தீபா மேத்தா 2020இல் இந்நாவலைத் திரைப்படமாக்கினார். அதில் தமிழ்ப் பாத்திரங்களுக்குத் தமிழ் நடிகர்கள் போதிய அளவில் அமர்த்தப்படவில்லை, பேசிய தமிழும் தமிழாக இல்லை என்று எழுந்த கண்டனம் நியாயமானது. படத்தைப் பாராதவர்கள் எதையும் இழந்திலர். நூலைப் படியாதவர்கள் இழந்தனர்.

வரலாற்று நாவலை விரும்புவோர்க்கு அதே ஆசிரியரின் ‘சினமன் கார்டன்ஸ்’ (1998) உண்டு. கறுவாத்தோட்டத்துத் தமிழ்ப் பிரபுக்களின் கதை. காலம், டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்த 1927. முதலியாரின் மகன் பாலேந்திரன் மணமானவன், கண்ணியவான். அவன் இலண்டனில் மாணவனாக இருந்தபோது நேசித்த ஆங்கிலேயர் ஆணைக்குழுவையொட்டிக் கொழும்புக்கு வருகின்றார். சர்வசன வாக்குரிமை வரலாகாது என்று துடிக்கும் முதலியார், அந்தப் பழைய நட்பைத் தம் அரசியலுக்குப் பயன்படுத்த எண்ணுகின்றார். மகனின் இதயத்தை மிதித்த அதே கால், ஏழையின் வாக்கையும் மிதிக்க முற்படுகின்றது. மூத்த மகனோ தாழ்ந்த சாதி வேலைக்காரப் பெண்ணை நேசித்ததற்காக நாட்டைவிட்டே துரத்தப்பட்டவன். சாதியும் மானமும் சொத்தும் எவ்வாறு ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்பதை இந்நாவலிற் காணலாம். ஒவ்வோர் அத்தியாயத்தின் தலையிலும் திருக்குறள் நிற்பது தமிழருக்கு இன்னுமொரு மகிழ்ச்சி. 1931இல் எல்லோருக்கும் வாக்குக் கிடைத்தபோது தோட்டத் தமிழர் பலருக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதை அறிந்த நம் வாசகர், இக்கதையைக் கொழும்பாரை விடவும் கூர்மையாகப் படிப்பர்.

பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஏற்றது செல்வதுரையின் ‘ஸ்விம்மிங் இன் த மொன்சூன் சீ’ (2005). 1980இற் கொழும்பில், பெற்றோரை இழந்த பதினான்கு வயது அம்ரித், கனடாவிலிருந்து வந்த தன் மைத்துனன்மீது தனக்குள்ளது வெறும் நட்பன்று என்பதை உணர்கின்றான். பாடசாலையில் ஒத்தல்லோ நாடகம் ஒத்திகை நடக்கின்றது. பொறாமை என்பது யாதென அவன் வாழ்விலும் அறிகின்றான். ஆபாசமான வரி ஒன்றும் இதில் இல்லை. ஆசிரியர்கள் தாமே முதலிற் படித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

பேய்க்கதையும் துப்பறியும் கதையும் விரும்புவோர் நம்மிற் பலர். அவர்களுக்கு ஷெஹான் கருணாதிலகவின் ‘த செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மெய்தா’. 2022இல் புக்கர் பரிசு பெற்ற நூல். கதாநாயகன் முதற் பக்கத்திலேயே இறந்துகிடக்கின்றான்! போர்க்களப் புகைப்படக்காரனான மாலியைக் கொன்றது யார்? ஏழு நிலவுகளுக்குள், ஆவியாக அலைந்து அவனே கண்டறியவேண்டும். கட்டிலின் கீழ் அவன் மறைத்துவைத்த படங்கள் நாட்டையே உலுக்கவல்லவை. அவன் நேசித்ததோ ஒரு தமிழ் மந்திரியின் மகனை. 1980களின் இறுதியில் இந்நாட்டில் நடந்த கொலைகள் அனைத்தையும், எப்பக்கத்தையும் விடாது, கசந்த நகைச்சுவையோடு இந்நூல் விசாரிக்கின்றது. வழக்கறிஞராகிய நாம் படித்த குறுக்கு விசாரணைகளில் இதற்கு ஒரு தனியிடம் உண்டு.

பெண்களைப் பற்றிய கதைகள் யாவை? இலங்கையிற் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த எஸ். ஜே. சிந்து எழுதிய ‘மேரேஜ் ஒஃப் எ தவுசண்ட் லைஸ்’ (2017) குடும்ப நாவல் விரும்புவோர் அனைவர்க்கும் உரியது. லக்கி என்னும் இலட்சுமி பெண்ணை விரும்புபவள். அவள் கணவன் கிருஷ்ணன் ஆணை விரும்புபவன். பெற்றோரின் வாயை அடைக்க இருவரும் ஒருவரையொருவர் மணந்துகொண்டவர்கள். பாட்டி கீழே விழுந்ததால் தாய்வீடு திரும்பிய லக்கி, தன் இளமைக்கால அன்புத் தோழிக்குப் பெற்றோர் மாப்பிள்ளை பேசியிருப்பதைக் காண்கின்றாள். இது அமெரிக்காவில் நடக்கும் கதைதான். ஆயினும் அத்தாய் பேசும் பேச்சை நாம் கொட்டகலையிலும் கேட்டிருக்கின்றோம். ஊர் என்ன சொல்லும் என்னும் ஒரே வினா, கடலைக் கடந்தும் சாகாது நிற்கின்றது.

சிறுகதைக்கு உருது எழுத்தாளர் இஸ்மத் சுக்தாயின் ‘லிஹாஃப்’ (1942). கணவன் திரும்பிப் பாராத ஒரு நவாபின் மனைவிக்கும் அவளுடைய பணிப்பெண்ணுக்கும் இடையிலான உறவை, ஒரு சிறுமி, போர்வையின் நிழலசைவாக மட்டும் காண்கின்றாள். ஆபாசமென்று சுக்தாயை லாகூர் நீதிமன்றத்துக்கு இழுத்தனர். இக்கதையில் ஆபாசமான சொல் எது என்று காட்டச் சொன்னபோது சாட்சிகளாற் காட்ட முடியவில்லை, அவர் விடுதலையானார். எமது தொழிலிலுள்ள இளையோர் இக்கதையையும் வழக்கையும் சேர்த்தே படிக்கவேண்டும். 1928இல் இலண்டன் மாஜிஸ்திரேட் ஒருவர், பெண்ணை நேசிக்கும் பெண்ணைப் பற்றி ரட்கிளிஃப் ஹால் எழுதிய ‘த வெல் ஒஃப் லோன்லினெஸ்’ என்னும் நாவலை அழித்துவிடக் கட்டளையிட்டார். 1949இல் அது மீண்டும் பிரித்தானியாவில் வெளிவந்தது. அந்நாவல் இன்று சற்றுப் பாரமாகத்தான் இருக்கின்றது. சரித்திரத்தை அறிய விரும்புவோர் மட்டும் படிக்கலாம்.

அதனினும் நாம் பரிந்துரைப்பது, துப்பறியும் கதைகளாற் புகழ்பெற்ற பட்ரீசியா ஹைஸ்மித் 1952இற் புனைபெயரில் எழுதிய ‘த ப்ரைஸ் ஒஃப் சோல்ட்’. கடையில் விற்பனைப் பெண்ணாக இருக்கும் தெரேஸ், செல்வச் சீமாட்டியான கெரல் ஆகிய இருவரின் காதல் கதை அது. கெரலின் கணவன் உளவாளியை ஏவிச் சான்று திரட்டி, பெற்ற மகளை அவளிடமிருந்து பறிக்க முற்படுகின்றான். இத்தகைய கதைகளில் அக்காலத்தில் ஒருத்தி சாகவேண்டும், அல்லது திருந்தவேண்டும். இதில் இரண்டும் நிகழவில்லை.

காதலோடு வர்க்கத்தையும் காண விரும்புவோர் இ. எம். ஃபோர்ஸ்டரின் ‘மொரிஸ்’ படிக்கவேண்டும். 1913–14இல் எழுதப்பட்டு, ஆசிரியர் இறந்தபின் 1971இலேயே வெளிவந்தது. பங்கு வணிகனான மொரிஸும் ஒரு பண்ணையின் வேட்டைக்காட்டுக் காவலாளியும் நேசிக்கின்றனர். ஒருவனுக்குக் கட்டளையிட்டே பழக்கம். மற்றவனுக்குக் கீழ்ப்படிந்தே பழக்கம். துரையையும் கூலியையும் அறிந்த நாம், அவர்களிடையே முதலில் எழும் சந்தேகத்தை நன்கு விளங்கிக்கொள்வோம். கதை இன்பமாக முடியவேண்டும் என்பதில் ஆசிரியர் உறுதியாக நின்றார். அந்த இன்ப முடிவுக்காகவே, சட்டம் அவர்களைக் குற்றவாளிகளாக வைத்திருந்த காலமெல்லாம் நூல் பெட்டிக்குள் இருந்தது.

அறிவியற் கதை விரும்பும் இளைஞர்க்கு அர்சுலா லெ குவினின் ‘த லெஃப்ட் ஹேண்ட் ஒஃப் டார்க்னெஸ்’ (1969). கடுங்குளிர் நிறைந்த ஒரு கோளில், மனிதர் நிலையாக ஆணுமல்லர், பெண்ணுமல்லர். அங்குச் சென்ற ஒரு தூதன், தன் கண்ணே தன்னை ஏமாற்றுவதை மெல்ல உணர்கின்றான். தன்பாலீர்ப்பைப் பற்றிய கதையென்று இதனைச் சொல்ல இயலாது. ஆணென்றும் பெண்ணென்றும் நாம் இட்டுவைத்த வரம்புகளை அசைத்துப் பார்க்கும் கதை. நுவரெலியாக் குளிரிற் போர்த்திக்கொண்டு படிக்க ஏற்றது.

அண்டை மொழிகள் நமக்கு முன்னே சென்றுவிட்டன. மராத்தியில் சச்சின் குண்டல்கர் எழுதிய ‘கோபால்ட் ப்ளூ’ (2006) என்னும் சிறு நாவலில், ஒரு வீட்டு அண்ணனும் தங்கையும் அங்கு வாடகைக்கிருக்கும் ஒரே இளைஞனிடம் மனத்தைப் பறிகொடுக்கின்றனர். கன்னடத்தில் வசுதேந்திரா ‘மோகனஸ்வாமி’ (2013) என்னும் சிறுகதைத் தொகுதியை வெளியிட்டுத் தாம் யார் என்பதையும் வெளிப்படையாகக் கூறினார். இரண்டும் ஆங்கிலத்திற் கிடைக்கின்றன.

தமிழில் ஒன்றுமே இல்லையா? உண்டு. கி. ராஜநாராயணனின் ‘கோமதி’ என்னும் சிறுகதை, பெண்மை நிறைந்த ஓர் ஆணின் நிறைவேறா ஏக்கத்தை ஏளனமின்றிச் சொன்னது. கரிச்சான் குஞ்சுவின் ‘பசித்த மானிடம்’ (1978) என்னும் நாவல், ஏழைப் பையனொருவன் வலியோரின் இச்சைக்கு ஆளாவதையும், பின்னர்த் தொழுநோயுற்று அலைவதையும் அஞ்சாது எழுதிற்று. மிகச் சிறந்த நாவல், எல்லோரும் படிக்கவேண்டியது. ஆனால் எம் அலுவலகத்துக்கு வந்த அந்த இளைஞரிடம் அதனை முதலிற் கொடுக்கத் துணியோம். அதில் அவர் காணப்போவது சுரண்டலை. அவர் தேடியதோ நேசத்தை. இரண்டையும் ஒன்றெனக் கொள்வது நம் சமூகத்தின் பெரும்பிழை. சிறுவரைக் கெடுப்பவனும், தன்னொத்த வயதினனை நேசிப்பவனும் ஒருவனல்லன். முன்னவன் செய்வது கொடுங்குற்றம். அவனுக்காக நாம் ஒருபோதும் வாதாடோம்.

மூன்று மாதங்களின் பின் அவ்விளைஞர் ‘ஃபன்னி பாய்’ நூலைத் திருப்பிக் கொண்டுவந்தார். அகராதியை வைத்துக்கொண்டு, தேநீர்க் கறை படிந்த ஒரு கொப்பியிற் சொற்களை எழுதி எழுதிப் படித்திருந்தார். முகத்தில் தெளிவு இருந்தது. எவ்வாறிருந்தது என்று வினவினோம். “நல்லாருக்கு சார். ஆனா எல்லாம் பெரிய வீட்டுப் புள்ளைங்க. லயத்துல இருந்து ஒரு ஆளும் இல்லையே” என்றார்.

நாம் இத்தனை ஆண்டுகளாகக் கவனியாததை அவர் ஒரு வாக்கியத்திற் கூறிவிட்டார். மேலே நாம் போற்றிய நூல்களைத் திரும்பப் பாருங்கள். கறுவாத்தோட்டத்து மாளிகை, கொழும்புக் கல்லூரி, மந்திரியின் மகன், அமெரிக்க நகரம். மலையகத் தமிழர் அவற்றில் அகதியாக எங்கோ தொலைவிற் கேள்விப்படும் செய்தியாகவே வருகின்றனர். நேசிக்கும் மனிதராக அவர் வருவதில்லை. மறுபுறத்தில், நம் மலையக இலக்கியம் செழுமையானது. சி. வி. வேலுப்பிள்ளை ‘வீடற்றவன்’ எழுதினார். என். எஸ். எம். இராமையா ‘ஒரு கூடைக் கொழுந்து’ எழுதினார். தெளிவத்தை ஜோசப் ‘காலங்கள் சாவதில்லை’ எழுதினார். பெரட்டுக் களமும், கங்காணியின் அதிகாரமும், துண்டு விழுந்த சம்பளமும், கப்பலேறிய உறவும் அவற்றால் என்றும் அழியா. ஆனால் கொழுந்து மலையில் அருகருகே நிரை பிடித்து, ஒருத்தியின் கூடையை மற்றவள் நிறைத்துக் கொடுத்து, மணமாகித் தோட்டம் மாறிப் போகும் நாளில் வாய்விட்டு அழவும் இயலாது நின்ற இரு பெண்களின் கதையை நாம் இன்னும் படித்திலோம். அத்தகையோர் இருந்திலரா? இருந்தனர். எழுதப்பட்டிலர்.

இவ்விடத்தில் நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு விடை கூறுகின்றோம். 1948இல் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றோராக்கியது. அடுத்த ஆண்டில் வாக்கும் போயிற்று. 1964இல் இரு பிரதமர்கள் ஒப்பமிட்டு, எம்மைக் கேளாமலேயே எம்மைப் பங்கிட்டனர். 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அந்த அநீதியின் மிச்சம் தொடர்ந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்! அக்காலமெல்லாம் நாம் கேட்டது யாது? இங்கு இருக்கின்றோம், எங்களை இருப்போராக எண்ணுங்கள் என்பதே. அவ்வாறு கேட்ட மக்கள், தம் லயத்திலேயே பிறந்த ஒருவரைப் பார்த்து, நீ இல்லை, உன் போன்றோர் நம்மிடையே இல்லை என்று கூறலாமா? சட்டத்தால் ஒதுக்கப்படுவது எத்தகையது என்பதை நமக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. அதனாலேயே மற்றவரினும் நமக்கு இதிற் கடமை மிகுதி.

“இது மேல்நாட்டுப் பழக்கம்” என்பாருக்கு ஒரு சொல். மேல்நாட்டிலிருந்து கப்பலில் வந்தது 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம். அதை அனுப்பிய இங்கிலாந்து 1967இலேயே தன் சட்டத்தைத் தளர்த்திவிட்டது. துரை எறிந்துவிட்டுப் போன பிரம்பை நாம் இன்னும் பூசையறையில் வைத்திருக்கின்றோம். “பிள்ளைகள் கெட்டுப்போவர்” என்பாருக்கு இன்னொரு சொல். கதை படித்து எவரும் தம் இயல்பை மாற்றிக்கொள்வதில்லை. அந்த இளைஞர் எப்புத்தகமும் படியாமலேயே தம் இயல்போடு வளர்ந்தார். புத்தகம் இல்லாததால் அவருக்குக் கிடைத்தது அச்சமும் தனிமையுமே. அவ்வச்சத்தை முதலாகப் போட்டே ஒருவன் இரண்டு மாதச் சம்பளத்தைப் பறித்தான்.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை விடுக்கின்றோம்.

முதலாவது, நகரசபை, பிரதேசசபை நூல்நிலையங்களின் பொறுப்பாளர்களுக்கு. நாம் சென்று பார்த்த வாசிகசாலைகளில் இந்நூல்களில் ஒன்றையேனும் காணவில்லை. அடுத்த கொள்வனவில் இரண்டையாவது சேருங்கள். முதலில் ‘ஃபன்னி பாய்’. அடுத்து ‘பசித்த மானிடம்’. பூட்டிய அலுமாரியில் வையாதீர்கள். இப்புத்தகத்தைத் தாருங்கள் என்று வாய்திறந்து கேட்கத் துணியாதவருக்கே அது மிகவும் தேவை.

இரண்டாவது, ஆங்கிலமறிந்த ஆசிரியர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும். அகராதியோடு மூன்று மாதம் போராட எல்லாராலும் இயலாது. ‘லிஹாஃப்’ போன்ற ஒரு சிறுகதையை மொழிபெயர்க்கச் சில இரவுகள் போதும். உரிமையாளரின் இசைவு பெற்றுச் செய்யுங்கள். இசைவு பெறும் கடிதங்களை எழுதித் தர நாம் கட்டணமின்றி முன்வருகின்றோம்.

மூன்றாவது, மலையக எழுத்தாளர்களுக்கு. கோ. நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டத்துள் நுழைந்து, துரைமார் மறைத்ததைக் கண்டு எழுதினார். இன்று நீங்கள் வேடமிட்டு நுழையவேண்டிய வேலியில்லை. லயத்தில் நீங்களே இருக்கின்றீர்கள். அங்கே மறைக்கப்பட்டிருப்பதை எழுதுங்கள். பரிகாசமாக எழுதாதீர்கள், பாவமன்னிப்பாகவும் எழுதாதீர்கள். உங்கள் அண்ணன், உங்கள் அக்காள், உங்களோடு நிரை பிடித்தவள் என்று எண்ணி எழுதுங்கள்.

அந்த இளைஞர் இப்பொழுது ‘மொரிஸ்’ நூலைக் கொண்டுபோயிருக்கின்றார். அதைத் திருப்பித் தரும்போது அடுத்ததாகத் தமிழில் ஒன்று தாருங்கள் என்று கேட்டுவிட்டுத்தான் போனார். அவருக்குக் கொடுக்க எம்மிடம் இன்னும் ஒன்றுமில்லை.